சட்டப்படியான காவல்

என் அக்கா தெய்வானை எதையும் திருடவில்லை என்பது கடைசியில் போலீசுக்கே தெரிந்துவிட்டது. ஷா ஆலத்தில் அவள் வேலை பார்த்த ரேடியோ தொழிற்சாலையில் காணாமல்போன உதிரிபாகப் பெட்டி, தவறுதலாக வேறொரு லோரியில் ஏறி வேறொரு கிடங்குக்குப் போயிருந்தது. பெட்டி திரும்பி வந்தது. அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் அக்கா மேல் வழக்கு மட்டும் அப்படியே இருந்தது. திருடாத பொருளுக்காகப் பிடித்து வைக்கப்பட்டவள், அந்தப் பிடியிலிருந்து தப்பி ஓடிவிட்டாளாம்.

தண்டனைச் சட்டம், பிரிவு 224. சட்டப்படியான காவலிலிருந்து தப்பித்தல்.

அந்த வரி எனக்குப் புதிதல்ல. பிரிக்ஃபீல்ட்சில் வக்கீல் சோலையப்பனிடம் டைப்பிஸ்டாக இருந்தேன். போலீஸ் லோக்காப் கதவு சரியாகச் சாத்தாததால் நழுவியவன், கோர்ட் கழிவறைக்குப் போய்த் திரும்பாதவன் என்று பலருக்காக அதே வரியை அடித்திருக்கிறேன். சொன்னால் வெட்கம், அந்த வரியின் மேல் எனக்கு ஒரு மயக்கம்கூட இருந்தது. நான் பஸ்ஸில் வாசித்துக்கொண்டே போன மொழிபெயர்ப்பு நாவல்களில் தப்பியோடுகிறவர்கள் பனியில் ஓடினார்கள். பின்னால் நாய்கள் குரைத்தன. ஏதோ ஒரு குடிசையில் யாரோ அவர்களுக்கு ரொட்டியும் சூப்பும் கொடுத்தார்கள். என் அக்கா ஓடியது சாமான் போட்டு வைக்கும் ஒரு ஸ்தோரின் ஜன்னல் வழியாக. ஜன்னல் தகரம் முழங்காலைக் கிழித்தது. ஒரு செருப்பு அறுந்து போனது. ஃபெடரல் நெடுஞ்சாலை ஓரமாக வெறுங்காலோடு நடந்து வந்து கிள்ளான் பஸ் பிடித்தாள். அவளுக்கு யாரும் சூப் கொடுக்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான். ஷிப்ட் முடிந்து பெண்கள் வரிசையாக வெளியே வரும்போது சூப்பர்வைசர் அக்காவைக் கை காட்டினார். பெட்டி இருந்த அலமாரி அவள் மேசைக்குப் பின்னால் இருந்தது, அது போதுமாக இருந்தது. வாசலில் காவல் நிற்கும் ஜாகா பக்கிரிசாமி அவளை ஸ்தோருக்குள் போகச் சொல்லி வெளியே பூட்டினார். மானேஜர் மீட்டிங் முடிந்து வரட்டும் என்றார். தொழிற்சாலை பஸ் போய்விட்டது. அக்கா மகனுக்கு அப்போது ஐந்து மாதம். பால் கட்டி, ரவிக்கை நனைந்து, வலியில் அவள் கதவைத் தட்டியிருக்கிறாள்.

"அண்ணே, பிள்ளை பசியில கத்தும்ணே. தொறந்து விடுங்க. நாளைக்கு வந்து எல்லாம் சொல்றேன்."

"மானேஜர் வரட்டும் லா. நான் என்னா பண்ண முடியும்?"

பொழுது சாய்ந்தது. மானேஜர் வரவில்லை. பக்கிரிசாமி டீ குடிக்கப் போன சத்தம் கேட்டதும் அக்கா எண்ணெய் டின்களை அடுக்கி ஜன்னலுக்கு ஏறினாள்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த நாள் காலையில் அப்பா ஒரு காரியம் செய்தார்.

அப்பா தம்புசாமி வாழ்க்கையில் பாதியைக் காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கழித்தவர். அங்கே வேலை வாங்கும் மண்டோரோடு தகராறு வந்தால் அதற்கு ஒரு முறை இருந்தது. தப்பு யார் பக்கம் என்று யாரும் கேட்பதில்லை. தொழிலாளியின் வீட்டார் ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, வாழைப்பழம் வைத்துக்கொண்டு மண்டோர் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். மண்டோர் சற்று நேரம் முறைப்பார். பிறகு ஒரு வெற்றிலையை எடுத்துக்கொள்வார். எடுத்துவிட்டால் முடிந்தது. அதன்பிறகு அந்தத் தகராறைப் பற்றி இரண்டு பக்கமும் பேசக் கூடாது.

அப்பா அதையே செய்தார். நான் வேலைக்குப் போன பிறகு, அக்காவிடம் தட்டைக் கொடுத்து, அவள் புருஷன் வேலாயுதத்தையும் கூட்டிக்கொண்டு ஷா ஆலத்துக்குப் போனார். தொழிற்சாலை கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று, "பிள்ளை தெரியாம பண்ணிருச்சு, மனசுல வச்சுக்காதீங்க" என்றார். பக்கிரிசாமியும் தோட்டத்தில் பிறந்தவர்தான். கொஞ்ச காலம் போலீசில் இருந்துவிட்டு ஜாகா வேலைக்கு வந்தவர். அந்தத் தட்டுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்க முடியாது. அவர் வெற்றிலையை எடுத்தார். பாக்கையும் எடுத்து வாயில் போட்டு மென்றார். "சரி, போங்க, நான் பார்த்துக்குறேன்" என்றார்.

அன்று மாலையே போலீஸ் ஜீப் எங்கள் வீட்டு வாசலில் நின்றது. பக்கிரிசாமி கொடுத்த வாக்குமூலத்தின் கடைசி வரி இது: மறுநாள் குடும்பத்தோடு வந்து தப்பி ஓடியதை ஒப்புக்கொண்டார்கள்.

அக்கா ஒரு இரவு லோக்காப்பில் இருந்தாள். ஜாமீனில் வந்தபோது தொழிற்சாலை அவளை வேலையை விட்டு நீக்கியிருந்தது.

வீட்டில் நான் அப்பாவிடம் கத்தினேன். அதுவரை அவரை அப்படிப் பேசியதில்லை.

"யாரு உங்களைத் தட்டு தூக்கச் சொன்னா? யாரைக் கேட்டுட்டுப் போனீங்க?"

"வெத்தலைய எடுத்துக்கிட்டாரும்மா" என்றார் அப்பா. அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். "என் கண்ணு முன்னால எடுத்தாரு. எடுத்துட்டு எப்படி இப்படிப் பண்ணுவாரு?"

"இது தோட்டம் இல்லப்பா!"

"அவரும் நம்ம ஆளுதானே."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஆத்திரம் இன்னும் ஏறியது. நம்ம ஆளு. எந்த மாதிரிக் கும்பிடு எங்களுக்குப் பழக்கம் என்று நன்றாகத் தெரிந்த ஆள். அதனால்தான் அவரால் அதை வைத்து எங்களை அடிக்க முடிந்தது. வேறு யாருக்கும் அந்தத் தட்டு ஒரு தட்டாகத்தான் தெரிந்திருக்கும்.

சோலையப்பன் வழக்கை எடுத்துக்கொண்டார். காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார் குடும்பம், லண்டனில் படித்தவர், கெட்டவர் இல்லை. ஆனால் கோப்பைப் புரட்டிய உடனே சொல்லிவிட்டார்.

"ஒத்துக்கிறது நல்லதும்மா. முதல் தடவை, கைப்பிள்ளைக்காரி. நன்னடத்தையில விட்டுருவாங்க. கால் மணியில வேலை முடிஞ்சிரும்."

"சார், அக்காவை யாருமே அரெஸ்ட் பண்ணல. ஒரு ஜாகா ஸ்தோர்ல வச்சுப் பூட்டினாரு. அது எப்படி சார் சட்டப்படியான காவல்?"

"எனக்குத் தெரியாதா?" என்று அவர் கண்ணாடியைக் கழற்றினார். "போலீஸ் இல்லாத ஒருத்தன் இன்னொருத்தனைப் பிடிக்கணும்னா, குற்றம் அவன் கண் முன்னால நடந்திருக்கணும். பிடிச்சதும் தாமதிக்காம போலீஸ்ல ஒப்படைக்கணும். இங்க ரெண்டும் இல்ல. காவலே சட்டப்படி இல்லைன்னா, அதுலேருந்து வெளிய வந்ததுக்குத் தப்பித்தல்னு பேரே கிடையாது. வீட்டுக்குப் போனாள்னுதான் பேரு."

"அப்புறம் எதுக்கு சார் ஒத்துக்கணும்?"

"தட்டு எடுத்துட்டுப் போனீங்களே, அதுக்குத்தான். குற்றம் செய்யாதவ எதுக்கு மன்னிப்புக் கேட்டாள்னு பிராசிக்யூஷன்ல கேப்பாங்க. அதுக்கு நான் என்ன சொல்றது? அதோட இந்தக் கேஸுக்கு நான் எத்தனை தடவை கிள்ளானுக்கு அலையிறது?"

அந்த இரண்டாவது காரணம்தான் முதல் காரணம் என்று எனக்குத் தோன்றியது. மெஷினுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன். அன்று நான் அடித்த எல்லாத் தாளிலும் எழுத்துகள் தாளைத் துளைத்துப் பின்பக்கம் வந்திருந்தன.

வேலாயுதமும் அதையேதான் சொன்னார். அவர் போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறவர், சண்டை பிடிக்காதவர்.

"ஒத்துக்கிறேன்னு ஒரு வார்த்தை. வாயில என்னா முத்தா கொட்டிடும்?"

அக்கா பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். "ஒத்துக்கிட்டா எந்தக் கம்பெனியில என்னைச் சேர்ப்பான்? கேஸ் இருக்கான்னு எல்லா இடத்துலயும் கேக்குறான். இருக்குன்னு சொல்லவா, இல்லைன்னு பொய் சொல்லவா?"

"நான் சம்பாதிக்கிறேன்ல?"

"உன் சம்பாத்தியத்தைப் பத்தி நான் பேசல மாமா. நான் ஓடலைன்னு சொல்லல. ஓடினேன். ஆயிரம் பேரு கேட்டாலும் ஓடினேன்னுதான் சொல்வேன். எதுலேருந்து ஓடினேன்? அதை அவனுங்க சொல்லட்டும்."

வேலாயுதம் பிள்ளையை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கிள்ளான் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வாய்தா நாட்களில் ஒரு வேகம் இருக்கும். ஒருவன் கூண்டில் ஏறுவான், வாசிப்பார்கள், தலையாட்டுவான், இறங்குவான், அடுத்தவன். தமிழ் மொழிபெயர்ப்பாளர் ரெங்கசாமிக்கு அந்த வேகம் பழகிப் போயிருந்தது. அக்காவின் முறை வந்ததும் அவர் மலாயில் இருந்த நீளமான குற்றச்சாட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுருக்கமாகச் சொன்னார்.

"கம்பெனியில பிடிச்சு வச்சிருந்தப்ப தப்பிச்சு ஓடிட்டியாம். ஒத்துக்கிறியா? ஆமான்னு சொல்லும்மா, சுருக்கா முடிஞ்சிடும்."

"முழுசாப் படிங்க அண்ணே" என்றாள் அக்கா.

"அதைத்தானே சொன்னேன்."

"தாள்ல நெறைய எழுதியிருக்கு. நீங்க கொஞ்சம்தான் சொன்னீங்க. என் மேல எழுதினது. முழுசாப் படிங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். ரெங்கசாமி முகம் சிவக்க முழுவதையும் வாசித்தார். 'சட்டப்படி தடுத்து வைக்கப்பட்டிருந்த காவலிலிருந்து' என்ற இடம் வந்ததும் அக்கா கையை உயர்த்தினாள்.

"அது இல்ல. ஸ்தோரு கம்பெனி ஸ்தோரு. பூட்டு ஜாகாவோட பூட்டு. சட்டம் அங்க இல்லண்ணே. இருந்திருந்தா கதவைத் தட்டினப்ப தொறந்திருக்கும்."

ரெங்கசாமி அதை மலாயில் சொன்னபோது 'குற்றத்தை மறுக்கிறார்' என்று மட்டும்தான் சொன்னார். விசாரணைக்கு நாள் போட்டார்கள்.

விசாரணை அன்று சோலையப்பன் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் வந்தார். பக்கிரிசாமி இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில் சாட்சிக் கூண்டில் ஏறி, பழைய போலீஸ்காரர் என்பது தெரிய வேண்டும் என்பதுபோல விறைப்பாக நின்றார். மலாயில்தான் பேசினார்.

பெட்டியை இந்தப் பெண் எடுத்ததைப் பார்த்தீர்களா என்று சோலையப்பன் கேட்டார். இல்லை. வேறு யாராவது பார்த்தார்களா? சூப்பர்வைசருக்குச் சந்தேகம் இருந்தது. பூட்டியதும் போலீசுக்குப் போன் செய்தீர்களா? மானேஜர் வரட்டும் என்று இருந்தேன். அவர் எப்போது வந்தார்? அன்றைக்கு வரவில்லை.

பிராசிக்யூஷன் இன்ஸ்பெக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சோலையப்பன் உட்காரப் போனார். தட்டைப் பற்றிக் கேட்காமலே விட்டுவிடுவது நல்லது என்று முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். கூண்டிலிருந்து அக்கா சத்தமாகவே பேசினாள்.

"சார், வெத்தலையைக் கேளுங்க."

மாஜிஸ்திரேட் நிமிர்ந்து பார்த்தார். இளம் மலாய்ப் பெண். சோலையப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் எழுந்தார். அவருக்கு வேறு வழி இல்லை.

"மறுநாள் இவர்கள் கொண்டுவந்த தட்டில் என்ன இருந்தது?"

"வெற்றிலை. பாக்கு. பழம்."

"எடுத்துக்கொண்டீர்களா?"

பக்கிரிசாமியின் கண் எங்கள் பக்கம் வந்து, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் நின்றது. அப்பா அவரைப் பார்க்கவில்லை, தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தேன்."

"எடுக்காமல் திருப்பி அனுப்பியிருந்தால் அதற்கு என்ன அர்த்தம்?"

"சமாதானம் இல்லைன்னு அர்த்தம்."

"எடுத்தால்?"

ரெங்கசாமி எதையோ விளக்க வாயெடுத்தார். மாஜிஸ்திரேட் கையால் தடுத்தார். அவருக்கு அதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை. வெற்றிலை அவர்கள் வீட்டிலும் உண்டு, சீரே என்பார்கள். 'அந்த சீரே பகையை முடிப்பதற்குத்தானே?' என்று அவரே மலாயில் பக்கிரிசாமியைக் கேட்டார்.

"ஆமாம், புவான்" என்றார், அம்மா என்று மரியாதையாக.

"முடித்துக்கொண்டு, பிறகு அதையே போலீசில் சொன்னீர்களா?"

பக்கிரிசாமியின் விறைப்பு தோளிலிருந்து இறங்குவது தெரிந்தது. எனக்கு அது போதவில்லை. அவர் அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும் போல இருந்தது. அவர் அழவில்லை.

இடைவேளைக்குப் பிறகு இன்ஸ்பெக்டர் எழுந்து குற்றச்சாட்டை மேற்கொண்டு நடத்தப் போவதில்லை என்றார். மாஜிஸ்திரேட் ஏதோ எழுதினார், ஒரு வரி சொன்னார். சோலையப்பன் கோப்பைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். வேலாயுதம் எழுந்தே விட்டார்.

அக்கா நகரவில்லை. "என்னா சொன்னாங்க?" என்று ரெங்கசாமியைக் கேட்டாள்.

"விட்டாச்சு. எறங்கும்மா."

"முழுசாச் சொல்லுங்க."

ரெங்கசாமி பெருமூச்சு விட்டார். "இப்பக்கி விட்டுருக்காங்க. குற்றம் இல்லைன்னு சொல்லல. தேவைன்னா பின்னால மறுபடி கேஸ் போடலாம். போதுமா?"

"அப்ப நான் தப்பிச்சேனா, இல்லையா?"

"அதைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"சொல்லாம நான் எறங்க மாட்டேன்."

அவள் கூண்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு கான்ஸ்டபிள் வந்து "கெலுவார், கெலுவார்" என்று வெளியே கை காட்டினார். தன் வழக்குக்காகக் காத்திருந்த ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம், "ஓடிப் போச்சுன்னு கேஸு, இப்ப தொரத்தினாலும் போவ மாட்டேங்குது பாரு" என்றான். பெஞ்சு முழுக்கச் சிரித்தது. நான் திரும்பி அவனைப் பார்த்த பார்வையில் அவன் காலை உள்ளே இழுத்துக்கொண்டான்.

சோலையப்பன் கூண்டருகே போய்ப் பல்லுக்குள் பேசினார். "தெய்வானை, இறங்கு. கோர்ட்டை அவமதிச்சேன்னு உள்ள தள்ளிடுவாங்க."

"தள்ளட்டும் சார். அதுவாவது நான் செஞ்சதுக்குப் போட்ட கேஸா இருக்கும்."

சோலையப்பன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கட்டிய கோப்பைப் பிரிக்காமலே மேசையில் வைத்துவிட்டு மாஜிஸ்திரேட் பக்கம் திரும்பினார். அவர் குரல் மாறியிருந்தது. கூலிக்காகப் பேசுகிறவரின் குரலாக அது இல்லை. கோர்ட் விரும்பினால் முழு விடுதலை என்றே உத்தரவிடலாம், அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது, இந்தப் பெண் மேல் இந்தக் குற்றச்சாட்டை இனி எப்போதும் தொங்கவிட நியாயம் இல்லை என்றார். காவல் என்று ஒன்று இருந்ததாகவே சாட்சி சொல்லவில்லை, ஒரு பூட்டு இருந்தது என்றுதான் சொன்னார் என்றார்.

மறுபடி வழக்குப் போடும் எண்ணம் இருக்கிறதா என்று மாஜிஸ்திரேட் இன்ஸ்பெக்டரைக் கேட்டார். இன்ஸ்பெக்டர் தாள்களைப் புரட்டினார். அந்தத் தாள்களில் அதற்கான பதில் இல்லை. "இல்லை, புவான்."

மாஜிஸ்திரேட் எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். இந்த முறை அக்கா கேட்பதற்கு முன்பே ரெங்கசாமி முழுசாகச் சொன்னார். "குற்றம் இல்லைன்னு விடுதலை. இந்தக் கேஸை இனிமே யாரும் தொட முடியாது."

அக்கா கம்பியை விட்டாள். அவள் உள்ளங்கைகளில் கம்பியின் கோடு பதிந்திருந்தது.

வராந்தாவில் பக்கிரிசாமி எங்களை நோக்கி வந்தார். காக்கிச் சட்டை முதுகில் நனைந்திருந்தது.

"தங்கச்சி, மனசுல ஒண்ணும் வச்சுக்காத லா. மேல சொன்னாங்க, செஞ்சேன். எனக்கும் புள்ளைங்க இருக்கு. எல்லாம் முடிஞ்சிருச்சு, அவ்ளோதானே?"

அப்பா வழக்கம்போலத் தலையை ஆட்டத் தொடங்கினார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன். அக்கா பக்கிரிசாமியை விட்டுச் சோலையப்பனிடம் திரும்பினாள்.

"சார், நான் செஞ்சதுக்கு ஒரு பேரு வச்சு ஊரெல்லாம் இழுத்தீங்க. இவரு என்னைப் பூட்டினதுக்கு சட்டத்துல பேரு இருக்கா?"

சோலையப்பன் தயங்கினார். "இருக்கு. சட்டவிரோதமா அடைச்சு வைக்கிறது. ஆனா தெய்வானை, பெரிய கம்பெனி..."

"எங்க போய்ச் சொல்லணும்?"

"போலீஸ் பாலாய்ல ரிப்போர்ட் கொடுக்கணும். அவங்க எடுத்துக்குவாங்களான்னு—"

அவள் அதற்குள் படி இறங்கிவிட்டாள். வேலாயுதம் லோரி எடுக்க நேரமாகிறது என்று முணுமுணுத்தார். ஆனால் பிள்ளையை அப்பாவிடம் கொடுத்துவிட்டு அவரும் எங்கள் பின்னாலேயே வந்தார்.

போலீஸ் நிலையத்தில் மேசைக்குப் பின்னால் இருந்தவர் இளைஞர், தமிழர். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"என்ன விஷயம் அக்கா?"

"ஒருத்தர் என்னைச் சட்டவிரோதமா அடைச்சு வச்சாரு. அதுக்கு ரிப்போர்ட்."

இப்போது அவர் தலையைத் தூக்கினார். அவளையும், அவளுக்குப் பின்னால் நின்ற என்னையும், வேலாயுதத்தையும் பார்த்தார். உள்ளே யாரையோ தேடுவதுபோல் திரும்பினார். யாரும் வரவில்லை. சுவரோரம் இருந்த பெஞ்சைக் காட்டினார்.

"அங்க உக்காருங்க. சார்ஜன் சாப்பிடப் போயிருக்காரு. வர வரைக்கும் எங்கயும் போகாதீங்க."

"உக்காரச் சொல்றீங்களா, பிடிச்சு வைக்கிறீங்களா?"

"என்னாக்கா நீங்க..." அவர் சிரிக்கப் பார்த்தார். அக்கா முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. "இடம் இருக்கு, உக்காருங்கன்னு சொன்னேன் லா. போகணும்னா போகலாம். யாரும் பிடிக்கல."

"அதைத் தெளிவாச் சொல்லுங்க" என்றாள் அக்கா. பெஞ்சில் உட்காராமல் மேசைக்கு நேராகவே நின்றாள். "நான் போகல. நீங்க எழுத ஆரம்பிங்க."